கோணி ஊசியும் மாப்பிள்ளை அழைப்பும்

பழுது பார்க்கத் தெரியாதவர்களால் உலகத்துக்குப் பெரிய தொல்லை எதுவும் இல்லை. கையைப் பிசைந்துகொண்டு, தெரிந்தவனைத் தேடிப் போய்விடுவார்கள். பழுதே வராமல் செய்து காட்டுகிறேன் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான் ஆபத்தானவர்கள். இருபத்திரண்டு வயதில் நான் அந்த ரகம். இப்போது இல்லை. இப்போது வீட்டில் ஒரு விளக்கு அணைந்துபோனால்கூட என்னை நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடமாட்டார்கள்.

காரணம், என் அக்கா ரெஜினாவின் கல்யாணம். பினாங்கில் எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் அந்தக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்வார்கள். சொல்லி முடித்துவிட்டு, அந்தத் தம்பி இப்போது எங்கே இருக்கிறான் என்று விசாரிப்பார்கள். (ஜெயிலில் இருப்பேன் என்று எதிர்பார்க்கிறார்கள் போலும்.)

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வருவதற்குச் சில வருஷங்கள் முந்திய கதை. நான் பீச் ஸ்ட்ரீட்டில் ஓர் அரிசிக் கிட்டங்கியில் மூட்டை கணக்கெடுக்கிற குமாஸ்தா. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அப்பா கோயில் பாடகர் குழுவை நடத்தியபடியே எங்கள் இருவரையும் வளர்த்தார். அக்காவுக்கு, கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் ஆசிரியராக இருந்த ஞானப்பிரகாசம் என்பவரை நிச்சயம் செய்திருந்தார்கள். நகை, புடவை எதைப் பற்றியும் அக்கா வாய் திறக்கவில்லை. அப்பாவின் குழு பாட, பாட்டுப் பூசையோடு தாலி கட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கேட்டது. அப்பா மாதக்கணக்கில் அந்தக் குழுவை வதைத்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் காய்கறி விற்கிற சீனர்கூட லத்தீனில் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்.

கல்யாணத்துக்குக் குறித்த நாள் சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய். மறுநாள் தவக்காலம் தொடங்கிவிடும். அதன்பின் பாஸ்கா என்கிற ஈஸ்டர் முடியும்வரை பாட்டுப் பூசையோடு கல்யாணம் கிடையாது. பூசையையும் காலையில்தான் வைக்க முடியும், உச்சிப்பொழுது தாண்டினால் சுவாமியார் பீடம் ஏற மாட்டார். அந்தக் காலத்தில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பூசை வைக்கிற சுவாமியாரும் நற்கருணை அப்பம் வாங்குகிறவர்களும் முந்தின நடுநிசியிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ஆகவே பெண், மாப்பிள்ளை, சுவாமியார் மூன்று பேரும் வெறும் வயிற்றோடு ஒரே நேரத்தில் கோயிலில் இருந்தாக வேண்டும். இதில் என் பொறுப்பு மாப்பிள்ளை.

மாப்பிள்ளை அழைப்பு பெண்ணின் சகோதரன் வேலை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், மாலையும் மோதிரமும் போட்டு, மரியாதையாகக் கூட்டிவந்து கோயில் வாசலில் நிறுத்த வேண்டும். எல்லோரும் செய்வது போல நீராவிப் படகில் போய் நீராவிப் படகில் திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இருந்திருக்காது. ஆனால் சித்தப்பா மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை பூ ஜோடித்த மோட்டார் காரில் வந்து இறங்கியிருந்தார். என் அக்காவின் மாப்பிள்ளை ஆடு மாடு மூட்டை முடிச்சுகளோடு டிக்கெட் வாங்கி வருவதா என்று எனக்கு ரோசம் பொங்கிவிட்டது.

காதர் பாயிடம் போனேன். அவர் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களுக்கு முட்டை, காய்கறி, அரிசி சப்ளை செய்கிறவர். ஒரு கப்பல் அதிகாரியிடம் வாங்கிய மோட்டார் ஒன்று அவரிடம் இருந்தது. சம்பான் என்கிற சின்னப் படகின் பின்பலகையில் திருகி மாட்டுவது. தலையில் ஒரு சக்கரம், அதில் கயிற்றைச் சுற்றி இழுத்தால் தும்மும், இருமும், சில சமயம் ஓடும். தண்ணீருக்குள் இறங்குகிற தண்டின் அடியில் பல்சக்கரங்கள் அடங்கிய ஓர் உலோகக் கூடு, அதன் முனையில் விசிறி. துறைமுகத்தில் அப்படி ஒன்றை வைத்திருந்த தமிழர் அவர் ஒருவர்தான். யாரையும் தொட விடமாட்டார். ஆனால் அக்கா அவருடைய பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவள், அதனால் மறுக்கவில்லை. ஒரு சிகரெட் டின்னைக் கையில் கொடுத்தார். உள்ளே நெருப்புக் குச்சி நீளத்தில் பித்தளை ஆணிகள்.

"விசிறியத் தண்டோட கோத்து வச்சிருக்கிறது இந்த ஒரே ஆணிதான், தம்பி. எதுலயாவது இடிச்சா ஒடஞ்சிரும். ஒடஞ்சா வேற ஒண்ணு போடு. பித்தளைதான் போடணும்னு வெள்ளக்காரன் சொன்னான் லா."

ஏன் பித்தளை என்று கேட்டேன். அவரும் கேட்கவில்லையாம். வெள்ளைக்காரனுக்கு ஆயிரம் கிறுக்கு இருக்கும், அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் வியாபாரம் நடக்குமா என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் வெல்ட் கீ படகுத்துறை ஓரமாக ஓட்டிப் பழகினேன். கிளம்பிய சற்று நேரத்தில் விசிறி ஏதோ ஒரு நங்கூரக் கயிற்றில் மாட்டி, ஆணி ஒடிந்தது. மோட்டார் ஊரையே எழுப்புகிற மாதிரி கத்தியது, சம்பான் மட்டும் நகரவில்லை. மோட்டாரைச் சாய்த்துத் தூக்கி, ஒடிந்த துண்டைத் தட்டி எடுத்து, புது ஆணி போட்டேன். ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும். ஆனால் அந்த நேரம் முழுக்கச் சுற்றியிருந்த சம்பான்காரர்கள் சிரித்தார்கள். அடுத்த முறை சேற்றில் இடித்து மறுபடி ஒடிந்தது, மறுபடி சிரித்தார்கள். அதில் ஒருவன் தன் துடுப்பைத் தூக்கி எனக்குக் காட்டினான்.

அன்று இரவெல்லாம் எனக்கு அந்த ஆணி ஞாபகமாகவே இருந்தது. அத்தனை கெட்டியான இயந்திரத்தைச் செய்துவிட்டு, முக்கியமான இடத்தில் போய் இத்தனை மிருதுவான ஓர் ஆணியை வைப்பானா ஒருவன்? கோட்டை கட்டிவிட்டு வாசலுக்கு ஓலைத் தட்டி வைத்த மாதிரி இருந்தது. வெள்ளைக்காரனுக்குத் தோன்றாத ஒன்று எனக்குத் தோன்றிவிட்டது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தவில்லை என்பதுதான் கஷ்டம்.

கிட்டங்கியில் எதற்குப் பஞ்சமோ இல்லையோ, கோணி ஊசிக்குப் பஞ்சமில்லை. அரிசி மூட்டையின் வாயைத் தைக்கிற ஊசி, விரல் நீளத்துக்கு மேல், நல்ல எஃகு. எங்கள் ஆட்கள் அதை ஆயுசு முழுக்க உபயோகித்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இருப்பதிலேயே தடியான ஒன்றை எடுத்து அரத்தால் அறுக்கப் பார்த்தேன். அரம்தான் தேய்ந்தது. ஊசிக்கு ஒரு கீறல் விழுவதற்குள் என் கை கொப்பளித்துவிட்டது. அந்த இடத்தில் ஒடித்து, பித்தளை ஆணி இருந்த ஓட்டையில் சுத்தியால் தட்டி இறக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. இனிமேல் கப்பலே வந்து மோதினாலும் இது ஒடியாது என்று அப்பாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். அப்பா ஸ்வரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒடியாவிட்டால் நல்லதுதான் என்றார்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. சம்பானை மாவிலையும் காகிதப் பூவும் வைத்து ஜோடித்தேன். மாப்பிள்ளை உட்கார, தெரிந்த வீட்டில் கெஞ்சி வாங்கிய சிவப்பு வெல்வெட் நாற்காலி ஒன்றை நடுவில் வைத்தேன். அது உட்கார இடம் போதவில்லை. துடுப்புகளை எடுத்துக் கரையில் போட்டுவிட்டேன். (இடத்துக்காக மட்டும் இல்லை. மோட்டார் படகில் துடுப்பு கிடந்தால் மாப்பிள்ளைக்கு மோட்டார் மேல் நம்பிக்கை போய்விடும் என்றும் தோன்றியது. இவ்வளவு தூரம் யோசிக்கிறவன் இன்னும் ஒரு சாண் யோசித்திருக்கலாம்.) ஆணி டின்னையும் வீட்டிலேயே வைத்தேன். ஒடியாத ஆணிக்கு மாற்று எதற்கு?

போகும்போது மோட்டார் தங்கமாக ஓடியது. பிறையில் மாப்பிள்ளையின் அத்தை என்னை வாசலிலேயே எதிர்கொண்டு அழைத்தார். மாப்பிள்ளையை வளர்த்தவர் அவர்தான். அழைக்க வந்த பெண்ணின் தம்பியை வெறும் வயிற்றோடு அனுப்பினால் குடும்பத்துக்கே இழுக்கு என்று உட்கார வைத்து, ஆப்பமும் ஆட்டுக்கறியும் வைத்தார். நான் அன்று நற்கருணை வாங்குவதாக இல்லை. அதற்கு முன் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அது செய்து வெகு நாளாகியிருந்தது. ஆகவே நிறையச் சாப்பிட்டேன். எதிரே மாப்பிள்ளை, நடுநிசியிலிருந்து பட்டினி, கோட்டும் டையுமாக உட்கார்ந்து என் தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையும் மற்றவர்களும் நீராவிப் படகில் வருவதாக ஏற்பாடு.

அத்தானை (அப்போது இன்னும் முழு அத்தான் ஆகவில்லை) வெல்வெட் நாற்காலியில் உட்கார வைத்துக் கயிற்றை இழுத்தேன். நீர் வற்றிக்கொண்டிருந்த நேரம். சுற்றிப் போவதற்குப் பதிலாகக் குறுக்கே போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று, மீனவர்கள் கழி நட்டிருந்த பக்கமாகத் திருப்பினேன். வேகத்தைக் கூட்டினேன். எப்படி இருக்கிறது என்று பெருமையாகக் கேட்டேன். அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தக் கழிகள் எல்லாமே தண்ணீருக்கு மேலே தெரியுமா என்று கேட்டார்.

எல்லாம் தெரியாது என்பது உடனே தெரிந்துவிட்டது. தண்ணீருக்கு அடியில் ஒடிந்து நின்ற ஏதோ ஒரு பழைய நிபோங் பனைக் கட்டையில் விசிறி போய் மோதியது. பித்தளை ஆணியாக இருந்தால் டக்கென்று ஒரு சத்தத்தோடு முடிந்திருக்கும். இப்போது படகே துள்ளியது. அடியிலிருந்து, ஒரு கூடைக் கிளிஞ்சலை அம்மியில் போட்டு அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு மோட்டார் ஒரு தரம் குலுங்கி நின்றுவிட்டது.

சாய்த்துத் தூக்கிப் பார்த்தேன். விசிறியில் ஓர் இதழையே காணோம். பல்சக்கரக் கூடு பிளந்து எண்ணெய் வழிந்தது, அதோடு சக்கரத்தின் பற்கள் ஒவ்வொன்றாகக் கடலில் விழுந்தன. ஊசி மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. "பாருங்க, இது ஒடையல" என்று அத்தானிடம் காட்டினேன். இதை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் குனிந்து பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பையன் கணக்கைத் தப்பாகப் போட்டால் பார்ப்பாரே, அப்படி நிதானமாகப் பார்த்தார். முன்னே என்ன போட்டிருந்தது என்று கேட்டார். பித்தளை என்றேன்.

"அந்த ஆணி ஒடையறதுக்குன்னே வச்சதுதானே, தம்பி? அது ஒடஞ்சா மத்ததெல்லாம் பொழைக்கும்."

என் வாழ்நாளில் நான் கேட்ட பாடங்களிலேயே மிகச் சின்னது அது. கேட்டதும் புரிந்துவிட்டது. புரிந்ததும் கடலில் குதித்துவிடலாமா என்றிருந்தது. எனக்கு நீச்சலும் தெரியாது என்பதால் குதிக்கவில்லை.

துடுப்பு இல்லை. நீரோட்டம் எங்களைத் தெற்கே இழுத்துக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் நீராவிப் படகு தூரத்தில் எங்களைத் தாண்டிப் போயிற்று. மேல்தட்டில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நின்றிருந்தார்கள். நான் எழுந்து நின்று, சட்டையைக் கழற்றி, தலைக்கு மேல் வீசினேன். அத்தை என்னைப் பார்த்துவிட்டார். பார்த்து, மகிழ்ச்சியோடு கைக்குட்டையை எடுத்து ஆட்டினார். பக்கத்திலிருந்தவர்களிடமும் சொன்னார் போலிருக்கிறது, எல்லோரும் ஆட்டினார்கள். மாவிலை ஜோடித்த படகு, வெல்வெட் நாற்காலியில் மாப்பிள்ளை, குதித்து ஆடுகிற மச்சினன். யார் பார்த்தாலும் கொண்டாட்டம் என்றுதானே நினைப்பார்கள்? நான் கத்தக் கத்த அவர்கள் ஆட்ட ஆட்ட, படகு போயே போய்விட்டது.

வெயில் ஏறியது. அத்தானுடைய உதடு வறண்டு வெளுத்துவிட்டது. ஆட்டுக்கறி தின்ற எனக்கோ தாகம் தாங்கவில்லை. பலகைக்கடியில் வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து மடமடவென்று குடித்தேன். பாதி குடித்த பிறகுதான் அவர் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். போத்தலை நீட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். பூசைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஒருவேளை போய்ச் சேர்ந்துவிடலாம் என்றார். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அன்று பட்ட வெட்கத்தில் பாதி அந்தப் போத்தலால் பட்டது.

கடைசியில் எங்களைக் கண்டவர் ஒரு மலாய் மீனவர், பாக் மாட். அருகே வந்து, மோட்டாரைப் பார்த்து "ரோசாக்?" என்று கேட்டார். கெட்டுப்போனது என்பதைவிட வேறு வார்த்தை அதற்கு இல்லாததால் நானும் "ரோசாக்" என்றேன். பிறகு கோட்டு டையைப் பார்த்து, "பெங்காந்தின்?" என்று மாப்பிள்ளைதானா என உறுதி செய்துகொண்டார். உடனே மீன் கூடை மேல் ஒரு சாரத்தை விரித்து அத்தானை மரியாதையாக உட்கார வைத்து, எங்கள் சம்பானைப் பின்னால் கட்டிக்கொண்டு பாயை ஏற்றினார். காற்று அவ்வளவாக இல்லை, படகு ஆமையாக நகர்ந்தது. வெல்வெட் நாற்காலி மட்டும் ஆளில்லாமல், ஜோடித்த சம்பானில் கம்பீரமாக எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது.

ஊருக்குத் தெற்கே ஜெலுத்தோங் கரையில் முழங்கால் சேற்றில் இறங்கி நடந்து, ரிக்ஷா பிடித்துக் கோயிலை அடைந்தபோது உச்சிப்பொழுது சாய்ந்துவிட்டது. கோயில் பாதி காலி. பாடகர் குழுவில் முக்கால்வாசிப் பேர் அரைநாள் விடுப்பில் வந்த ஆபீஸ்காரர்கள், அவர்கள் போய்விட்டார்கள். அப்பா ஆர்மோனியத்தை மூடிப் பூட்டிவிட்டு அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பூட்டைப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

பிரெஞ்சுக்காரரான பங்குச் சுவாமியார் பசியில் முகம் வெளுத்து நின்றார். இனிப் பூசை வைக்க முடியாது, பூசை இல்லாமல் மந்திரித்துத் தாலி கட்டி வைக்கலாம், அல்லது பாஸ்கா முடியும்வரை காத்திருந்து பாட்டுப் பூசையோடு செய்யலாம் என்றார். அத்தை, வாசல்வரை வந்த கல்யாணம் திரும்பிப் போவது நல்லதில்லை என்று அழ ஆரம்பித்தார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

அக்கா முக்காட்டை விலக்கி மாப்பிள்ளையைப் பார்த்தாள். முழங்கால்வரை சேறு, கோட்டில் மீன் செதில், வறண்ட உதடு. இன்னும் தண்ணீர் குடிக்கவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றார். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு ஏப்பம் வந்தது. ஆட்டுக்கறி ஏப்பம்.

"இன்னைக்கே முடிச்சிருங்க, சாமி. இன்னொரு தடவ இவன் கூட்டிட்டு வரப் போனான்னா, அவரு உசுரோட வந்து சேர மாட்டாரு."

பாட்டில்லாமல், பூசையில்லாமல், மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த ஒரு ஸ்வரம்கூட ஒலிக்காமல், என் அக்காவின் கல்யாணம் ஒரு ரிக்ஷாவைப் பேரம் பேசுகிற நேரத்தில் முடிந்தது. தாலி கட்டும்போது அவள் அழுதாள். கல்யாணப் பெண்கள் எல்லோரும் அழுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அந்த அழுகை இல்லை என்று எனக்குத் தெரியும்.

காதர் பாய் விருந்துக்கு வந்திருந்தார். இரண்டு தரம் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டு முடிக்கிறவரை நான் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னதும் அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மோட்டாரைப் போய்ப் பார்த்தார், ஊசியைத் தடவிப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்து வெகுநேரம் நிறுத்தவில்லை. ஒடிந்த விசிறியை ஊசியோடு சேர்த்துத் தன் கடை மேசைக்கு மேலே தொங்கவிட்டார். கப்பல்காரர்கள் என்ன என்று கேட்பார்கள், அவர் சொல்வார். அப்படியாக என் புகழ் ரங்கூன், கொழும்பு, சிங்கப்பூர்வரை பரவியது.

மறு வருஷம் அதே சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாயில், அக்காவுக்கும் அத்தானுக்குமாக அப்பா தன் குழுவோடு அந்தப் பாட்டுப் பூசையைப் பாடி முடித்தார். அக்கா எனக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். முந்தின நடுநிசியிலிருந்து நான் பச்சைத் தண்ணீர் தொடக் கூடாது, உச்சிப்பொழுது சாயும்வரை. சரி என்று ஒத்துக்கொண்டேன், ஒரு வருஷம்தானே என்று நினைத்து. அது வருஷா வருஷம் ஆகிவிட்டது. அன்று காலை அவள் வீட்டில் ஆப்பமும் ஆட்டுக்கறியும் சமைப்பார்கள். அத்தான் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். நான் சுவரைப் பார்ப்பேன். அவர்களுடைய பிள்ளைகள், பிறகு பேரப்பிள்ளைகள், மாமா ஏன் சாப்பிடவில்லை என்று கேட்க, கதை முதலிலிருந்து ஆரம்பமாகும்.

ஜப்பான் சண்டையெல்லாம் முடிந்து பல வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவாமியார் பிரசங்கத்தில் ஒரு சேதி அறிவித்தார். பாப்பரசர் உபவாசச் சட்டத்தைத் தளர்த்திவிட்டாராம். இனி நடுநிசியிலிருந்து இருக்க வேண்டாம், தண்ணீர் எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாம். கோயிலில் என்னளவு சந்தோஷப்பட்ட ஆத்துமா வேறு இருந்திருக்காது. வெளியே வந்ததும் ஓடிப்போய் அக்காவிடம் கேட்டேன், காதில் விழுந்ததா என்று.

"விழுந்துச்சு. அது பாப்பரசர் ஊருக்குச் சொன்னது. ஒனக்கு நான்ல சொல்லணும்?"

இன்னும் சொல்லவில்லை.